மிஸிக்குக் கால்தான் தெரியும்

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், என் படிப்பு நின்றது. விடுப்புக் கடிதத்தைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசவே கூசுகிறவன், இப்போது நாலு பேர் படிக்க எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்னொரு தயக்கமும் உண்டு. ஒருவரைப் பற்றி எழுதுவதென்றால் அவரை நேசித்தவர்கள்தான் எழுத வேண்டும். நான் அந்த மிஸியின்மேல் ஏறக்குறைய மூன்று மாதம் பொறாமைப்பட்டவன். அது முழுதாகப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயர் சட்டையில் குத்தியிருந்தது, படித்தும் இருக்கிறேன். இங்கே எழுதப்போவதில்லை. அவர் ஒரு நாளும் என் பெயரைக் கேட்டதில்லை.

ஐம்பதை நெருங்கியவர், குள்ளமானவர். சுங்கை பட்டாணியில் ஒரு கிளினிக்கின் பின்பக்கம், ஆறாத புண்களுக்கென்றே ஒதுக்கிய சின்ன அறையில் அவருக்கு வேலை. நோயாளி உயரமான கட்டிலில் காலை நீட்டி உட்கார வேண்டும். மிஸி ஒரு நீலப் பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காலுக்கு நேராக உட்காருவார். அந்த முக்காலி அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதில் உட்கார்ந்தால் அவர் கண்ணும் புண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும். பேச்செல்லாம் புண்ணோடுதான். "என்ன, இன்னிக்கு வாடிப்போய் இருக்கே?" என்பார். கட்டிலில் இருப்பவர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார். மிஸி கேட்டது அவரை அல்ல.

ஆட்களின் முகம் அவருக்கு நினைவில் நின்றதே இல்லை. நாங்கள் அந்த அறைக்குப் போய்வரத் தொடங்கி மூன்றாம் வாரம், குருண் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தோம். என் மனைவி ஓடிப்போய், "மிஸி, நல்லா இருக்கீங்களா?" என்று கையைப் பிடித்தாள். அவர் மரியாதைக்குச் சிரித்தார். யாரென்று தெரியாதபோது சிரிக்கும் சிரிப்பு. பிறகு அவர் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. மனைவியின் இடது காலில் கட்டு இருந்தது. உடனே அவர் முகம் மலர்ந்தது.

"ஓ, புக்கிட் செலம்பாவ்லேர்ந்து வர்றவங்க! இடது கால், உள்பக்கக் கணுக்கால்! ஏன் இவ்வளவு நேரம் நிக்கிறீங்க? வீட்டுக்குப் போய்க் காலைத் தூக்கி வைங்க லா."

மீன்காரர் சிரித்துவிட்டார். என் மனைவியும் சிரித்தாள். பக்கத்தில் நான் பை நிறையக் காய்கறியோடு நின்றிருந்தேன். மூன்று வாரமும் அதே அறையில், அதே சுவரோரம் நின்றவன். மிஸி என்னைத் தாண்டி நடந்து போனார். எனக்குப் புண் இல்லை அல்லவா.

கால் பொய் சொல்லாது, வாய்தான் சொல்லும் என்பது அவர் அடிக்கடி சொல்வது. அதை நான் நேரிலும் பார்த்தேன். சுங்கை லாலாங்கிலிருந்து ஒரு மலாய்ப் பெரியவர் குதிகால் புண்ணோடு வருவார். ஒரு வாரம் அவர் வந்து, காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்தே கிடந்ததாகச் சத்தியம் செய்தார்.  மிஸி பெருவிரலால் அவர் கணுக்காலை அழுத்தி எடுத்தார். விழுந்த பள்ளம் எழுந்துவர நேரமானது. அதைப் பார்த்துக்கொண்டே, கல்யாணச் சாப்பாடு எப்படி இருந்தது என்று மலாயில் கேட்டார். அது பள்ளி விடுமுறை, ஊரெல்லாம் கல்யாணம் நடக்கும் மாதம். பேத்தி கல்யாணத்தில் இரண்டு நாள் வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்றிருக்கிறார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அப்போது நானும்தான் சிரித்தேன்.

என் மனைவியின் புண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையுறைத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் பத்தொன்பது வருடம் நின்றே வேலை செய்தவள். காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டன. ஒரு நாள் கணுக்காலில் ஏதோ கீறியது. என்ன கீறியது என்றுகூட அவளுக்கு நினைவில்லை. அந்தச் சின்னக் கீறல் மூடவே இல்லை. விரித்துக்கொண்டே போய், உள்ளங்கை அளவு ஆனது. வேலையை விட்டாள். மகள் பினாங்கில் வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

நாங்கள் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம்தான். சண்டை கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. நான் பேச மாட்டேன், அவள் பேசினால் நான் தலையாட்டுவேன். கொஞ்ச வருடத்தில் அவளும் விட்டுவிட்டாள். அரிசி தீர்ந்தது, எரிவாயு தீர்ந்தது, மகளுக்குக் காய்ச்சல், இப்படித்தான் இருபத்தைந்து வருடம் போனது.

புண் வந்தபிறகு எல்லாம் மாறியது. பக்கத்துச் சிறிய கிளினிக்கில் கட்டு மாற்றும் விதத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் எண்ணெய்ப்பனை நாற்றுப் பண்ணையில் வேலை செய்பவன். பிஞ்சுக் கன்றை வேர் அறுபடாமல் பையிலிருந்து எடுத்துப் பழகிய கை. கட்டும் எனக்கு எளிதாக வந்தது. தினமும் மாலை ஐந்தரை மணிக்கு அவள் நாற்காலியில் உட்காருவாள், நான் தரையில் உட்கார்ந்து அவள் காலை என் மடியில் வைத்துக்கொள்வேன். பழைய கட்டை உப்புத் தண்ணீரில் நனைத்து, ஒட்டியது வலிக்காமல் பிரிவதற்கே கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் அவள் பேசத் தொடங்கினாள். வலியை மறக்கத்தான் முதலில் பேசினாள். தொழிற்சாலையில் உடன் இருந்தவர்களின் கதை, சூப்பர்வைசர் ஒருவன் விக் வைத்திருந்த கதை, சின்ன வயதில் அவள் தம்பி ஆற்றில் விழுந்த கதை. நான் தலையைக் குனிந்து வேலை செய்தபடியே கேட்பேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எனக்கும் கூச்சம் விட்டது. நானும் பதில் பேச ஆரம்பித்தேன். ஒரு நாள் ஏதோ சொல்லி அவளைச் சிரிக்கவும் வைத்துவிட்டேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு என் மனைவியோடு எனக்குத் தினம் அரை மணி நேரம் கிடைத்தது. புண் ஆற வேண்டும் என்று நான் சாமியிடம் வேண்டிக்கொண்டதும் உண்மை, அந்த அரை மணி நேரத்துக்காகக் காலையிலிருந்து காத்திருந்ததும் உண்மை.

ஒன்றரை வருடம் ஆகியும் ஆறாததால் மிஸியின் அறைக்கு அனுப்பினார்கள். முதல் நாள் அவர் முக்காலியில் உட்கார்ந்து, நான் கட்டியிருந்ததை உடனே பிரிக்கவில்லை. சுற்றியிருந்த விதத்தையும் முனையைச் செருகியிருந்ததையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு கட்டுனது?"

மனைவி என்னைக் காட்டினாள். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நல்லா கட்டியிருக்கு. இனிமே வேணாம்."

அவ்வளவுதான். நல்லதாகவும் ஒரு வார்த்தை சொன்னார் என்று மனைவி மோட்டார் சைக்கிளில் வரும்போது சமாதானம் சொன்னாள். எனக்கு இரண்டாவது வார்த்தைதான் கேட்டது.

அங்கே செய்யும் சிகிச்சை புதுசு. அவளுடைய கையிலிருந்தே ரத்தம் எடுத்து, குழாய்களில் ஊற்றி, ஒரு இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றுவார்கள். சுழன்று முடிந்ததும் சிவப்பு அடியில் தங்கிவிடும், மேலே மஞ்சளாக ஒரு நீர் நிற்கும். காயத்தை மூடும் தட்டணுக்கள் அதில்தான் அதிகமாம். அதை மட்டும் உறிஞ்சி எடுத்து, ஒரு மருந்து கலந்தால் கூழ்போல உறைகிறது. புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அந்தக் கூழை அதன்மேல் பரப்பி, மேலே ஒட்டாத துணி வைத்து, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். பி.ஆர்.பி. என்று இளம் டாக்டரம்மா சொன்னார். உடம்பில் சும்மா ஓடிக்கொண்டிருப்பதைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறோம் என்று மிஸி சொன்னார். ஒரு வாரத்துக்கு யாரும் கட்டைப் பிரிக்கக் கூடாது என்றும் சொன்னார். அதை இரண்டு தடவை சொன்னார்.

சிகிச்சை நடக்கும்போது நான் திரைக்கு இந்தப்பக்கம் நிற்க வேண்டும். உள்ளே அவர்கள் பேசுவது கேட்கும். என் மனைவி என்னிடம் சொன்ன கதைகளையே மிஸியிடமும் சொன்னாள். விக் வைத்த சூப்பர்வைசரின் கதையை இன்னும் நன்றாகச் சொன்னாள். மிஸி நடுநடுவே கேள்வி கேட்டதால் அந்தக் கதையே நீளமாகிவிட்டது. நான் ஒரு தடவைகூட அப்படிக் கேள்வி கேட்டதில்லை. பிறகு என்னிடம் சொல்லாத ஒன்றையும் சொன்னாள்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ இவரு வாயே திறக்கல மிஸி. ஊமைன்னு நினைச்சேன். எங்கம்மாகிட்ட அழுதேன், ஊமை வேணாம்மான்னு."

"அப்புறம்?"

"போறப்போ செருப்பைக் காணோம்னு கேட்டாரு. அப்பதான் உயிரே வந்துச்சு."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலாய்ப் பெரியவர், என்ன விஷயம் என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவள் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் நாடகம் பார்த்தாள். நான் பாத்திரம் கழுவினேன், வாசலைக் கழுவினேன், மோட்டாரைத் துடைத்தேன். திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச ஒன்றும் வரவில்லை. மடியில் கால் இல்லாவிட்டால் எனக்கு வாய் வராது என்று அப்போதுதான் தெரிந்தது. விளம்பரம் வந்தபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். அவள் தன் போனை எடுத்து, மிஸி சொன்ன நகைச்சுவை ஒன்றை மகளுக்குக் குரலில் பதிந்து அனுப்பினாள்.

மூன்றாம் நாள் கட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஈரம் கசிந்திருந்தது. நான் குனிந்து மோந்து பார்த்தேன். லேசாக வாடை.  உள்ளே சீழ் கட்டிவிட்டது, பிரித்துக் கழுவிவிடலாம் என்றேன்.

"மிஸி பிரிக்க வேணாம்னாங்களே."

"மிஸி இங்கயா இருக்காங்க? உள்ள அழுகிப்போச்சுன்னா அவங்களுக்கு என்ன தெரியும்?"

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "ஒன்றரை வருஷமா பார்த்தவரு நீங்க. உங்களுக்குத் தெரியாததா" என்று காலை நீட்டினாள்.

தரையில் உட்கார்ந்தேன். கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன். புண்ணின்மேல் மஞ்சளாக, வழவழவென்று ஒரு படலம் படிந்திருந்தது. சீழ்தான், சந்தேகமே இல்லை. உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காஸ் துணியால் ஒரு பொட்டு விடாமல் துடைத்து எடுத்தேன். இவ்வளவையும் உள்ளே வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறார்களே என்று மிஸியை மனதுக்குள் திட்டினேன். புண் சிவப்பாக, சுத்தமாகத் தெரிந்தது. ஓரங்களைத் துடைத்தேன். புதுத் துணியை நாலாக மடித்து வைத்து, எனக்குத் தெரிந்த அழகில் கட்டினேன். அவள் அன்று தன் தோழி ஒருத்தி மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று மண்டபத்தின் பின்வாசல் வழியாக ஓடிய கதையைச் சொன்னாள். அரை மணி நேரம் முக்கால் மணியானது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

சீழ் என்றுதான் நினைத்தேன். சீழாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேனா என்று கேட்டால், அதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

நாலு நாள் கழித்து அந்த அறைக்குப் போனோம். அன்று திரையை இழுத்துவிட மறந்திருந்தார்கள். மிஸி முக்காலியில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். இரண்டு சுற்று பிரித்ததும் கை நின்றது. மீதியை மிக மெதுவாகப் பிரித்தார். துணியை எடுத்தார். புண்ணையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஆசையாக வளர்த்த செடியை ஆடு மேய்ந்துவிட்டுப் போனால் எப்படிப் பார்ப்போம், அப்படி ஒரு பார்வை.

"யாரு உன்னைக் குளிப்பாட்டுனது?" என்று புண்ணைக் கேட்டார்.

 என் மனைவி முந்திக்கொண்டாள்.

"குளிக்கறப்போ தண்ணி உள்ள போயிருச்சு மிஸி. நான்தான் கவனிக்கல."

எனக்குத் தெரிந்து பொய்யே சொல்லாதவள். காதுமடல் சிவந்துவிட்டது அவளுக்கு. மிஸி அப்போதும் தலையைத் தூக்கவில்லை.

"தண்ணியா? தண்ணி வந்து ஓரமெல்லாம் தொடச்சிட்டு, காஸை நாலா மடிச்சு வச்சு, முனையையும் உள்ள செருகிட்டுப் போச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்தார். முதலிலிருந்து செய்ய வேண்டும், அடுத்த சில வாரத்தில் புண் சுருங்காவிட்டால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். என் மனைவிக்குக் கையில் நரம்பு எளிதில் கிடைக்காது. முதல் ஊசி தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவதற்கு அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மிஸி ரத்தம் நிரப்பிய குழாயை என்னிடம் நீட்டினார். "சும்மாதானே நிக்கிறீங்க. பிடிங்க. குலுக்காதீங்க."

குழாய் என் கையில் சூடாக இருந்தது. இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி எடுத்து அதே குழாயைத் திரும்ப வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அடியில் சிவப்பு. மேலே மஞ்சள்.

"நீங்க தொடச்சுப் போட்டது இதைத்தான் அண்ணே. சீழ் இல்ல. அக்காவோட ரத்தம்."

அன்று அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நான் கோபப்பட்டிருக்கலாம். நான் தடவித் தடவிச் சுத்தம் செய்து வாளியில் ஊற்றியது எதுவென்று அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

புதுக் கட்டைக் கட்டி முடித்ததும் மிஸி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கட்டின் முனை முடியும் இடத்தில், பாதி கட்டின்மேலும் பாதி பிளாஸ்திரியின்மேலும் விழும்படி ஒரு மீன் வரைந்தார். பிரித்துத் திரும்பக் கட்டினால் மீனின் தலையும் வாலும் சேராது. "அடுத்த வாரம் இந்த மீனு உயிரோட வரணும்" என்றார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அது தபால் பைக்கு அரக்கு முத்திரை வைப்பதுபோல இருந்தது. வீட்டுக்குள் இருக்கும் திருடன் நான்.

அதற்குப்பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு படம் வந்தது. ஆமை, அன்னாசி, ஒரு தடவை கண்ணாடி போட்ட பூனை. இந்த வாரம் என்ன வரைவார் என்று என் மனைவி முதல் நாளிலிருந்தே யோசிப்பாள். மாலையில் நான் அவள் காலடியில் வந்து உட்கார்ந்தால், படத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துபோக வேண்டியதுதான். ஒரு நாள் அன்னாசியின்மேல் விரலை வைத்தேன். "வேணாங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். தொட்டது தப்பு என்று சொல்வதுபோல அல்ல, பாவம் என்று சொல்வதுபோல.

புண் ஆறத் தொடங்கியது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கரை தோன்றி, வாரம் ஒரு அரிசியளவு உள்ளே நகர்ந்தது. நடுவில் இருந்த பள்ளம் நிரம்பியது. மிஸி காகித ஸ்கேலை வைத்து அளந்து, போனில் படம் எடுப்பார். ஒரு நாள் அந்தப் போனை எங்களிடம் காட்டினார். நூற்றுக்கணக்கான கால்கள். முகமே இல்லை. அத்தனைக்கும் நடுவில் என் மனைவியின் காலை ஒரே தள்ளில் கண்டுபிடித்து, முதல் வாரத்திலிருந்து வரிசையாகக் காட்டினார். அவள் கணுக்காலில் ஒரு மச்சம் இருக்கிறது, புண்ணின் ஓரம் எந்த வாரம் அந்த மச்சத்தைத் தாண்டியது என்பதுவரை சொன்னார். அந்த மச்சத்தை நான் ஒன்றரை வருடம் தினம் கழுவியிருக்கிறேன். ஆனால் என் போனில் என் மனைவியின் படம் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் மகளின் பட்டமளிப்பில் எடுத்தது, பாதி முகம் வேறொருவர் தோளுக்குப் பின்னால்.

பதினோராம் வாரம் மிஸி ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, "மூடிக்கிச்சு. இனிமே வராதீங்க" என்றார். இறுக்கமான ஒரு மருத்துவக் காலுறை எழுதிக்கொடுத்தார். காலையில் போட வேண்டும், படுக்கும்முன் கழற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் நாளே சுட்டு வைத்திருந்த முறுக்கு டின்னை நீட்டினாள். மிஸி அதற்குள் முக்காலியை அடுத்த கட்டிலுக்கு இழுத்துப் போயிருந்தார். "அங்க மேசைல வைங்க" என்று ஒரு குதிகாலைப் பார்த்தபடி சொன்னார். என் மனைவி டின்னை வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

அந்தக் காலுறை எனக்குக் கிடைத்த பங்கு. மிக இறுக்கமானது. குனிந்து இழுத்துப் போட அவளுக்கு முதுகு வலிக்கும். அதனால் காலையில் நான்தான் போட்டுவிடுவேன், இரவில் நான்தான் கழற்றுவேன். இரண்டு நிமிட வேலை. சில நாள் நான் அதை நாலு நிமிடமாக்கிக்கொண்டேன்.  அந்த நாலு நிமிடத்தில் ஒரு கதை பாதிவரை வரும். எனக்கு அது போதும் என்றிருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து பீடோங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மதியச் சாப்பாட்டு நேரம். மூன்று மேசை தள்ளி மிஸி பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி பாதிச் சாப்பாட்டில் எழுந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இந்த மாதங்களில் அவள் மிஸியைப் பற்றிப் பேசாத வாரம் இல்லை. பக்கத்து வீட்டில் யாருக்குக் கொப்புளம் வந்தாலும் மிஸி இருந்தால் என்ன சொல்வார் என்றுதான் ஆரம்பிப்பாள்.

"மிஸி! என்னைத் தெரியுதா?"

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மிஸி நிமிர்ந்து பார்த்தார். மரியாதைக்குச் சிரித்தார். பார்வை கீழே போனது. என் மனைவியின் புடவைக் கரை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மேலே வந்த பார்வை என் மேல் பட்டு நின்றது. புருவம் ஏறியது.

"நீங்க கட்டைப் பிரிச்ச அண்ணன்தானே?"

 அந்த அறையில் ஒரு நாளும் என் முகத்தை நேராகப் பார்க்காதவர்.

"நீங்கதான். மறக்குமா? நல்ல கை, கெட்ட வேலை. உங்க சம்சாரம் எப்படி இருக்காங்க? பாவம், உங்களுக்காகத் தண்ணி பட்டுச்சுன்னு ஒரு பொய் சொன்னாங்க. நல்ல பொம்பள லா அவங்க." கடைசி வார்த்தையை என் மனைவியின் பக்கம் திரும்பி, கதை சொல்வதுபோலச் சொன்னார்.

என் மனைவி அவர் கையை விட்டுவிட்டாள். "நான்தான் மிஸி அது."

மிஸி அவள் முகத்தைப் பார்த்தார். உண்மையிலேயே முயற்சி செய்து பார்த்தார். பிறகு, "ஆறிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆறிடுச்சு."

"அப்ப சரி. ஆறின காலு எனக்கு நிக்காதுக்கா. கோவிச்சுக்காதீங்க."

அவர் மனம் நோகச் சொல்லவில்லை. அவருக்கு அது நல்ல செய்தி. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களை உட்காரச் சொன்னார், பாயசம் நன்றாக இருப்பதாகவும் சொன்னார். நாங்கள் எங்கள் மேசைக்குத் திரும்பிவிட்டோம். அவருக்கு நிஜமாகவே முகம் மனதில் பதியாத குறை ஏதும் இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. அப்படியானால் என் முகம் எப்படிப் பதிந்தது என்று தெரியவில்லை. ஆறிய கால்களையெல்லாம் வழியனுப்பிவிட்டு, தன் வேலையைக் கெடுத்தவனை மட்டும் அவர் வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குள் எனக்கு ஒரு இடம் இருந்திருக்கிறது. என் மனைவிக்கு இல்லை.

 மோட்டாரில் திரும்பும்போது, சுங்கை லாலாங் முச்சந்தி தாண்டியபிறகுதான் என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னை ஞாபகம் இல்ல. உங்கள ஞாபகம் இருக்கு."

 நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. பக்கக் கண்ணாடியில் அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அவள் காலுறையைத் தானே போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தாள். நான் கோப்பி குடித்துவிட்டுப் பண்ணைக்குப் போனேன்.